கயிறு பிடிக்கிற கையும் பதினெட்டு முட்டைகளும்

தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குக்காரர்களிடம் ஜேசுபாதம் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால், நன்றாக முங்குகிறவன் என்பார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. நன்றாக முங்குகிறவன் நல்ல மனிதன். குடித்தால் என்ன, சண்டை போட்டால் என்ன, பூசைக்கு வராவிட்டால்தான் என்ன. ஜேசுபாதம் இதில் எதையும் பெரிதாகச் செய்ததில்லை என்பது வேறு விஷயம். பதினாறு வயதில் அப்பாவோடு வள்ளம் ஏறியவன், இருபத்தாறு வருடம் கடலின் அடியில் தவழ்ந்து சங்கு எடுத்தான். பிளாரன்ஸைக் கட்டினான். மகளை நர்சிங் படிக்க மதுரைக்கு அனுப்பினான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டான். நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அவன் முங்குவது முடிந்துபோயிற்று.

முங்குகிறவனைப் பற்றித்தான் ஊர் பேசும். கயிறு பிடிக்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே போனவனின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை உள்ளங்கையில் வைத்திருப்பதுதான் அவன் வேலை. மூச்சு ஒரு குழாய் வழியாகப் போகும். அதை எந்திரம் பார்த்துக்கொள்ளும். பேச்சு முழுவதும் கயிற்றில்தான். ஒரு முறை சுண்டினால் கயிறு விடு. இரண்டு முறை என்றால் பை நிறைந்துவிட்டது, இழு. மூன்று முறை என்றால் என்னைத் தூக்கு. பன்னிரண்டு ஆள் ஆழத்தில் ஒருவன் சுண்டியது மேலே வந்து சேரும்போது, சட்டை நூலைப் பிடித்து இழுத்த அளவுக்குத்தான் இருக்கும். அதனால் கயிறு பிடிக்கிறவன் தண்ணீரைப் பார்க்கவே மாட்டான். வெயிலும் அலையும் சேர்ந்து கண்ணுக்கு என்னென்னவோ காட்டும். கண் சொல்வதைத் தள்ளிவிட்டுக் கை சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த வேலையில் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான்.

அப்படிப்பட்ட கயிற்றைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்ற கணக்கு. அன்பை நம்பாமல் அவனவன் சுயநலத்தை நம்பிச் செய்த ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் அதுதான் கெட்டிக்காரத்தனம். ஜேசுபாதத்தின் கயிற்றை பிளாரன்ஸின் தம்பி ஞானதீபம் பிடித்தான். அந்த ஞானதீபத்துக்குத்தான் ஜேசுபாதத்தின் தங்கை எமில்டாவைக் கொடுத்திருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஒருவன் முங்கினால் மற்றவன் பிடிப்பான், பிறகு மாறிக்கொள்வார்கள். பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று.

அன்று கீழே வெகுநேரம் இருந்துவிட்ட ஜேசுபாதத்துக்குக் குழாயில் காற்று நின்றது. எந்திரத்தில் பெல்ட் நழுவியதாகப் பிறகு சொன்னார்கள். அவன் மூன்று முறை சுண்டினான். அவ்வளவு நேரம் ஆழத்தில் கிடந்தவனை நிறுத்தி நிறுத்தித்தான் மேலே கொண்டுவர வேண்டும். ஒரே இழுப்பில் கொண்டுவந்தால் ரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளும். ஞானதீபத்துக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கை பதறிக் கிணற்று வாளியை இழுப்பதுபோல இழுத்து மேலே போட்டான். நிறுத்தி இழுத்திருந்தால் மூச்சு முட்டியே செத்திருப்பான் என்று எல்லோரும் அவனுக்குச் சமாதானம் சொன்னார்கள். ஜேசுபாதமும் சொன்னான். மேலே வந்த ஜேசுபாதம் சுக்குக்காப்பி குடித்தான், ஒரு பீடி கேட்டான். கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாததுபோல இருந்தது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. பிறகு கம்பு ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தான். கால் போனதை ஊர் பார்த்தது. இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் மரத்துப்போனதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கைகள் வேலை செய்தன. சட்டைப் பொத்தான் போட்டன, சோறு பிசைந்தன, ரிமோட்டை அமுக்கின. கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் எல்லாம் நடந்தது. எப்போதும் கனமான உறையைப் போட்டுக்கொண்டு இருப்பதுபோல இருக்கும், அவ்வளவுதான். நாளாவட்டத்தில் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். நாள் ஆனது. அதனால் திரும்பிவிட்டது என்று ஜேசுபாதம் வைத்துக்கொண்டான்.

மனசும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிட்டது. மகள் தேர்வில் தேறியதாகப் போனில் சொன்னபோது, நல்லது மக்ளே என்றான். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான், வரவில்லை. பெரியப்பா இறந்ததற்கு அழுகையும் வரவில்லை. இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜேசுபாதத்துக்கு அடிபட்ட பிறகு, வேறு மச்சான் இல்லாததால், ஞானதீபத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த பங்காளி இரண்டாம் வருடம் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஞானதீபம், கடல் இப்போது கலங்கிக் கிடக்கிறது, தெளிந்ததும் என் கயிற்றை நீங்கள்தான் பிடிக்க வேண்டும் அத்தான் என்றான். உட்கார்ந்து செய்கிற வேலை, காலுக்கு அதில் என்ன வேலை, கை நன்றாக இருந்தால் போதாதா என்றான். ஜேசுபாதம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது. அந்த வள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மற்ற நினைப்பையெல்லாம் அவன் தள்ளி வைத்துவிட்டான்.

முட்டை விவகாரம் பிளாரன்ஸ் கொண்டுவந்தது. அவள் நண்டு கம்பெனியில் சதை பிரிக்கிற வேலைக்குப் போகிறாள். புருஷனுக்குத் தினம் ஒரு நாட்டுக்கோழி முட்டை கொடுக்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று, வருகிற வழியில் மகாராஜா அண்ணாச்சியின் கோழித்தீவனக் கடையில் வாங்குவாள். அண்ணாச்சிக்குக் கயத்தாறு பக்கம் சொந்த ஊர். பேர்தான் மகாராஜா, ஆள் ஒட்டடைக்கம்புக்குச் சட்டை போட்டதுபோல இருப்பார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று அவர் ஒரு நாள் கேட்க, கடல் தெளிந்ததும் கயிறு பிடிக்கப் போகிறார், அதுவரை அவர் டிவியைப் பார்க்கிறார், டிவி அவரைப் பார்க்கிறது என்றாள் பிளாரன்ஸ். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கடல் தெளிகிறவரை அவரைக் குஞ்சு பொரிக்கச் சொல்லு என்று பதினெட்டு சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளைத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு சின்னக் கருவியையும் கொடுத்தார். முட்டை வைக்கிற பெட்டிக்குள் சூடு முப்பத்தேழரை டிகிரிக்கு மேலே போனால் அது உள்ளே எரிகிற பல்பை அணைக்கும், குறைந்தால் ஏற்றும்.

பெட்டிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. திரேஸ்புரத்தில் எந்த வீட்டுக் கொல்லையிலும் மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி நாலு கிடக்கும். ஞானதீபம் நல்லதாக ஒன்று கொண்டுவந்தான். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி வெயிலில் காய வைத்தும் சீலா மீன் வாடை போகவில்லை. மூடியில் கண்ணாடித் துண்டு பதித்து, பல்பைத் தொங்கவிட்டு, கீழே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டாள் பிளாரன்ஸ். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தடவை திருப்பி வைக்க வேண்டும். திருப்புவது ஜேசுபாதத்தின் பொறுப்பு. கோழிக்குப் பதிலாக ஆளை உட்கார வைத்துவிட்டீர்கள் என்று அவன் சொன்னான். பிளாரன்ஸ் அதற்கு வெகுநேரம் சிரித்தாள். அவன் வேடிக்கையாக ஒன்று சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முட்டைக்குள் கரு வளர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது எப்படி என்பதை அண்ணாச்சி போனில் சொன்னார். அவருக்குக் கேட்கிறவன் முட்டாள் என்ற எண்ணம் என்றைக்கும் உண்டு. அது இந்த வேலைக்கு நல்லதுதான். மூன்றாம் நாள் நாலாம் நாள் ஆசைப்பட்டு எடுக்கக் கூடாது, ஒன்றும் தெரியாது, முட்டை ஆறிப்போவதுதான் மிச்சம். ஏழாம் நாள் பார்க்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, இருட்டான அறையில், முட்டையின் பெருத்த முனையில் டார்ச்சை ஒட்ட வைத்து, நாலைந்து எண்ணுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். சிவப்பு நரம்பு படர்ந்து நடுவே கறுப்புப் புள்ளி இருந்தால் உயிர். மஞ்சளாக, ஒன்றுமில்லாமல் எரிந்தால் கரு கட்டவில்லை. உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் ஓடினால், கட்டிய கரு செத்துவிட்டது. அதை வைத்திருந்தால் அழுகி மற்றதையும் கெடுக்கும்.

ஏழாம் நாள் மத்தியானம் இருவரும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. முங்கும்போது அவன் கொண்டுபோகிற டார்ச் அங்கேதான் கிடந்தது. சைக்கிள் ட்யூப் ரப்பரை வட்டமாக வெட்டி அதன் வாயில் மாட்டினான், வெளிச்சம் பக்கத்தில் சிதறாமல் இருக்க. முதல் முட்டை மஞ்சள் பல்பாக எரிந்தது. இரண்டாவதை வைத்ததும் பிளாரன்ஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு நூல்கள் எல்லாப் பக்கமும் ஓடின, நடுவில் மிளகு அளவுக்கு ஒன்று துடித்தது.

"பாருங்க, உசுரு," என்றாள்.

ஜேசுபாதம் பார்த்தான். அது உயிர் என்பது தெரிந்தது. அதற்குண்டான ஆச்சரியம் மட்டும் அவனுக்குள் எங்கேயும் கிளம்பவில்லை. அவன் நாலு எண்ணி முட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். முட்டைகள் எவ்வளவு கதகதப்பாக இருக்கின்றன என்று அவள் சொன்னாள். அவன் ஆமாம் என்றான். கதகதப்பு அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்து எடுத்தது கதகதப்பாகத்தானே இருக்கும் என்று சொல்லிவைத்தான்.

கரு கட்டாதது நாலு, வளையம் ஓடியது ஒன்று, அவற்றை எடுத்துவிட்டார்கள். பதினாலாம் நாள் அவன் தனியாகவே பார்த்தான். நரம்பெல்லாம் மறைந்து உள்ளே நிழல் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. இரண்டில் மட்டும் நிழல் வளராமல் கலங்கி நின்றது. அவற்றையும் எடுத்துப் போட்டான். மிச்சம் பதினொன்று. அண்ணாச்சி போனில், பரவாயில்லை, முதல் தடவைக்கு இது ஜாஸ்தி என்றார். பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார்.

"பதினெட்டாம் நாள் கடைசியா ஒரு தரம் பாருங்க. அதுக்கப்புறம் திருப்பவும் கூடாது, பெட்டியத் தொறக்கவும் கூடாது. அன்னைக்கி முட்டை பூரா இருட்டாத்தான் இருக்கும், பயந்திராதிய. கையில வச்சுக்கிட்டு சும்மா இருங்க. குஞ்சு உள்ள இருந்து முட்டுறது கையில தெரியும். முட்டாததத் தூரப் போட்டுருங்க."

பதினெட்டாம் நாள் பிளாரன்ஸ் கம்பெனிக்குப் போயிருந்தாள். ஜேசுபாதம் சாமான் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தான். அண்ணாச்சி சொன்னபடியே எல்லாம் இருட்டு. பெருத்த முனையில் காற்று நிற்கிற இடம் மட்டும் பிறை அளவுக்கு வெளிச்சமாக இருந்தது. முதல் முட்டையை உள்ளங்கையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். கயிறு பிடித்த காலத்துப் பழக்கம் தானாக வந்து உட்கார்ந்தது. முதுகு நிமிர்ந்தது, மூச்சு மெதுவானது. ஐம்பது வரை எண்ணினான். ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றும் இல்லை.

நாலாவது முட்டையில் டார்ச்சை வைத்திருந்தபோது, இருட்டும் வெளிச்சமும் சேர்கிற கோட்டில் நிழல் ஒரு தடவை எகிறியதுபோல இருந்தது. உடனே டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு முட்டையைக் கையில் பொத்திக்கொண்டு நூறு வரை எண்ணினான். கையில் ஒன்றும் வரவில்லை. டார்ச் ஆடியிருக்கும் என்று முடிவு செய்தான். ஏழாவதிலும் நிழல் அசைந்தது. அதையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு டார்ச்சின் மேல்தான் பழி போட்டான். கண் ஒன்று சொல்லிக் கை வேறு சொன்னால் எதை எடுத்துக்கொள்வது என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பதினொன்றும் செத்துவிட்டன. ராத்திரி கரண்ட் போனதா, தான் திருப்ப மறந்தோமா என்று ஒரு நிமிடம் யோசித்தான். வருத்தம் இல்லை. பல்பை அணைத்து, முட்டைகளை ஒரு பேசினில் அடுக்கி, கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து டிவியைப் போட்டான்.

தூத்துக்குடி வெயில் எத்தனையோ பேரை வதைத்திருக்கிறது. அன்று அது பதினோரு முட்டைகளை ஒன்றே முக்கால் மணி நேரம் அடைகாத்தது.

மூன்றரைக்கு வந்த பிளாரன்ஸ் பேசினைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எல்லாம் போய்விட்டது, குழி தோண்டிப் போட்டுவிடு என்றான் அவன். அவள் முகம் வாடிப்போய்க் கொல்லைக்குப் போனாள். ஒரு முட்டையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"என்னங்க, இது முட்டுது. இதுவும் முட்டுது. நல்லாத் தெரியுது."

முதலில் பல்பைப் போட்டு, பேசினைக் கொண்டுவந்து முட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கைக்கு மேல் தன் கையை மூடினாள். அவனுக்கு அவசரத்தில் புரியாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். முட்டும்போது சொல்லுங்கள் என்றாள். ஜேசுபாதம் கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்ப," என்றான்.

கொஞ்சம் பொறுத்து அவன் மறுபடி, இப்ப, என்றான். அவன் கண்ணைத் திறந்து பார்த்தபோது, அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அவன் இப்ப என்று சொன்ன இரண்டு தடவையும் முட்டை சும்மா கிடந்தது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அது ஐந்தாறு தடவை முட்டியிருந்தது. அவள் இதைச் சொல்லாமலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் முட்டையை எடுத்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு பாத்திரம் கழுவப் போனாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று நாள் பேச்சு இருந்தது, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இல்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாகிவிட்டதா என்றெல்லாம் பேசினார்கள். பிளாரன்ஸ் பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டாள். சொன்னால் புருஷனுக்கு இருக்கிற ஒரே ஆசை போகும். சொல்லாவிட்டால் தம்பியே போய்விடலாம். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லாமல் வள்ளம் ஏறினால் தான் வாயைத் திறந்துவிடுவோம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜேசுபாதம் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டு ஆட்டின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் கண்ணை மூடி உட்கார்ந்தான். ஆடு திமிறி ஓடப் பார்த்தபோது தெரிந்தது. அந்த இழுப்பு முழங்கையையும் தோளையும் ஆட்டியது. ஆனால் அது தலையைத் திருப்பியதும், குனிந்து மேய்ந்ததும், ஈயை விரட்டக் கழுத்தை உதறியதும் அவனுக்கு வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடலின் அடியில் கிடப்பவன் யாருடைய தோளையும் ஆட்டுகிற அளவுக்கு இழுக்க மாட்டான் என்பது இருபத்தாறு வருடம் கிடந்தவனுக்குத் தெரியாதா. அவன் ஆட்டை அவிழ்த்துவிட்டான்.

அப்படியும் அவன் மனம் பேரம் பேசிக்கொண்டேதான் இருந்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் என்ன. பல்லில் கடித்துக்கொண்டால் என்ன. ஞானதீபத்தைப் பலமாகச் சுண்டச் சொன்னால் என்ன. ஒவ்வொன்றுக்கும் பதில் அவனுக்கே தெரியும். மூச்சு நின்ற நேரத்தில் எவனுக்குப் பலமாகச் சுண்ட முடியும்?

இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் சத்தம் கேட்டது. பதினொன்றில் ஒன்பது ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. இரண்டு உள்ளேயே செத்துக் கிடந்தன. அது அந்த வெயிலினாலா வேறு எதனாலா என்று யாருக்குத் தெரியும். பிளாரன்ஸ் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இறகு காய்ந்த ஒன்றை அவன் கையில் வைத்தாள். கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. அவன் அதைத் தட்டித் தடவிக் கொடுத்தான். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினோரு மணி போல ஞானதீபம் வந்தான். குஞ்சுகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னாலும் முகத்தில் வேறு சந்தோஷம் இருந்தது. கொல்லையில் கவிழ்த்திருந்த கூடையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குஞ்சுகளுக்கு நொய்யைத் தூவினான். கடல் தெளிந்துவிட்டது, வியாழக்கிழமை இறங்குகிறோம் என்றான். பிளாரன்ஸ் அடுப்படிக்குள் போனாள். அங்கே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

ஜேசுபாதம் கல்லின் மேல் உட்கார்ந்தான். சொல்லுவதற்கு முன்னால் அழுகை வரும் என்று பயந்திருந்தான். வரவில்லை. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னான்.

"ஏலே மாப்ள, எங் கைக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. நீ சுண்டுனாலும் தெரியாது. நா வரல."

ஞானதீபம் நொய் தூவுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தெரியும் அத்தான்," என்றான்.

என்ன தெரியும் என்று ஜேசுபாதம் கேட்டான்.

"மாதா கோயில் கொடியேத்தத்து அன்னைக்கி டீ குடிச்சோம்லா. கொதிக்கக் கொதிக்கக் கிளாஸ். என்னால பிடிக்க முடியாம கீழ வச்சிட்டேன். நீங்க உள்ளங்கையில பொத்திக்கிட்டே பேசிக்கிட்டு நின்னிய. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட கயிறத் தாரேன்னு வந்த?"

இப்போதுதான் ஞானதீபம் நிமிர்ந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் போய், இரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்த ஒன்று வெளியே தெரிந்தது.

"உங்க கயிறு எங்கையில இருந்தப்பதான உங்களுக்கு இப்படி ஆச்சி. எனக்கு என்ன ஆனாலும் ஆயிட்டுப் போவுது அத்தான். நீங்க வள்ளத்துல வந்து உக்காந்தாப் போதும்."

ஜேசுபாதத்துக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் தங்கை எமில்டாவின் தாலியைக் கொண்டுவந்து இவன் தன் காலடியில் வைக்கிறான். தலைமுறை தலைமுறையாக ஊர் எந்தச் சுயநலத்தை நம்பிக் கயிற்றைக் கொடுத்ததோ, அந்தச் சுயநலம்கூட இவனிடம் மிச்சமில்லை. செத்துப்போகக் கிளம்பியவன் குஞ்சுக்கு நொய் தூவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வருடமாக எதற்கும் வராத கோபம் இப்போது வந்தது. கம்பு கீழே விழுந்தது. காலை ஊன்றினானா இல்லையா என்பது தெரியாமல் எழுந்தான்.

"எமில்டா எந் தங்கச்சிலே," என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டான். சத்தம் கேட்டு பிளாரன்ஸ் அடுப்படி வாசலுக்கு ஓடிவந்தாள். குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறின. ஞானதீபம் நகரவில்லை, கன்னத்தைத் தடவவும் இல்லை. அடி விழுந்தது நல்லதாகப் போயிற்று என்பதுபோலத் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தான். ஜேசுபாதம் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அது எரியவில்லை. எவ்வளவு பலமாக அடித்திருக்கிறோம் என்பதை அவன் மச்சானின் கன்னத்தில் எழும்பிய விரல் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.